மேடை ஏறாதவர்களுக்காக: சேலத்தில் சுகமளிக்கும் பெருவிழா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் சுகமளிக்கும் பெருவிழா நடத்தும் ஊழியக்காரர்களுக்கும், அவர்களுக்கு மேடை அமைத்துக் கொடுக்கும் சபைகளின் மூப்பர்களுக்கும்,

கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துகள்.

உங்கள் சுவரொட்டி ஐந்து ரோட்டிலிருந்து கொண்டலாம்பட்டி வரை ஒட்டப்பட்டிருக்கிறது. மேலே ஊழியரின் படம், கீழே நோய்களின் பட்டியல். சர்க்கரை, வலிப்பு, புற்றுநோய், குழந்தையின்மை, கடன் தொல்லை, செய்வினை என்று வரிசையாக அடுக்கி, 'அனைத்திலிருந்தும் விடுதலை, அனுமதி இலவசம்' என்று முடித்திருக்கிறீர்கள். இயேசுவின் பெயர் ஊழியரின் பெயரைவிடச் சிறிய எழுத்தில் இருக்கிறது. அச்சகத்தார் செய்த பிழை என்றே வைத்துக்கொள்கிறேன்.

இதைப் படிக்கத் தொடங்கியதுமே 'யாரோ நாத்திகன்' என்றோ, 'பாரம்பரியச் சபைக்காரன், அபிஷேகம் அறியாதவன்' என்றோ முடிவு கட்டிவிட வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். தாத்தா காலத்திலிருந்தே எங்கள் குடும்பம் சபையில் இருக்கிறது. வேதத்தில் எழுதியிருக்கும் அற்புதங்கள் நடந்தவை என்று நம்புகிறேன். கர்த்தர் சித்தங்கொண்டால் இன்றும் செய்வார் என்றும் நம்புகிறேன். நம்பாதவன் உங்கள் சுவரொட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவான். என்னால் அப்படிப் போக முடியவில்லை.

என் அக்கா ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம், காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவருக்குக் கழுத்தில் கட்டி வந்தது. மலையிலிருந்து இறங்கி வந்து ஸ்கேன் எடுத்தோம். அறுவைக்கு நாள் குறித்தார்கள். சபையில் ஜெபித்தார்கள். அறுவைக்கு முன் மறுபடியும் எடுத்த ஸ்கேனில் கட்டியைக் காணவில்லை. மருத்துவர் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, 'சில கட்டிகள் தாமாகக் கரைவதும் உண்டு அம்மா' என்றார். அக்கா சற்றும் தயங்காமல், 'கரையட்டும் ஐயா, கரையச் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும்' என்றார். மருத்துவரும் சிரித்துவிட்டார். இரண்டு பேரும் சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது.

செய்தி எப்படியோ பரவி, ஒரு கூட்டத்தார் மேடையில் சாட்சி சொல்ல அக்காவை அழைத்தார்கள். 'கேட்கிறவர்களுக்குச் சொல்வேன், மைக்கில் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டில் கீமோ ஊசி போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள் ஒருத்தி. ஒலிபெருக்கியில் என் சாட்சி அவளுக்கு எப்படிக் கேட்கும்?' என்று மறுத்துவிட்டார். பிற்பாடு அக்காவின் கணவருக்கு நுரையீரல் நோய் முற்றியபோது அதே சபை, அதே மூப்பர்கள், அதே எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். அவர் இறந்துபோனார். அக்கா இன்றும் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் தவறாமல் போட்டுக்கொள்கிறார்.

எங்கள் தொழிலில், வாங்குகிற கட்டி வெள்ளியை டச் பார்க்காமல், அதாவது எவ்வளவு சுத்தம் என்று சோதிக்காமல், உருக்குவதில்லை. பார்க்கச் சொல்கிறவனை வெள்ளிக்கு விரோதி என்று யாரும் திட்டுவதில்லை. நல்ல வெள்ளி வைத்திருக்கிறவன் தானே எடுத்து நீட்டுவான். கலப்படக்காரன்தான் 'என்மேல் நம்பிக்கை இல்லையா?' என்று கோபப்படுவான். உங்கள் மேடையில் சொல்லப்படும் சாட்சிகளைச் சோதிக்கக் கேட்டால் கோபம் வருகிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

சோதனை வேண்டும் என்பது நான் கண்டுபிடித்த புதுமை அன்று. மாற்கு முதல் அதிகாரத்தில் குஷ்டரோகி ஒருவனை இயேசு தொட்டுச் சுத்தமாக்குகிறார். அடுத்து என்ன சொன்னார்? மேடைக்கு வா, மக்களுக்கு முன்னால் கையை உயர்த்திக் காட்டு என்றா சொன்னார்? ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாதே என்று எச்சரித்துவிட்டு, ஆசாரியனிடம் போய் உன்னைக் காண்பி என்று அனுப்பினார். குஷ்டத்தை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்ல அன்றைக்கு அதிகாரம் பெற்றிருந்தவன் ஆசாரியன். லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களை ஒருமுறை பொறுமையாக வாசித்துப் பாருங்கள். தோலின் நிறம், மயிரின் நிறம், தழும்பின் பள்ளம் என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் ஏழு நாள் அடைத்துவைத்து, மறுபடியும் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் ஏழு நாள். குணமானவனுக்கும் அப்படித்தான். ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு குருவிகள், கேதுருக்கட்டை, சிவப்புநூல், ஈசோப்பு எல்லாம் கொண்டுவந்து சடங்கு முடித்து, அவன் தலைமயிரைச் சிரைத்துக் குளித்து, பாளயத்துக்குள் வந்தும் ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியிலேயே தங்க வேண்டும். எட்டாம் நாள்தான் காணிக்கை. இவ்வளவும் செய்யச் சொன்னவர், தாம் தொட்டது குணமானதா என்று சந்தேகப்பட்டவர் அல்லவே!

யோவான் 9இல் பிறவிக் குருடன் பார்வை பெற்றதும் அக்கம்பக்கத்தார் விசாரிக்கிறார்கள், பரிசேயர் விசாரிக்கிறார்கள், பெற்றோரைக் கூப்பிட்டு இவன் உங்கள் மகன்தானா, குருடனாகப் பிறந்தது உண்மையா என்று கேட்கிறார்கள். விசாரித்தவர்களின் எண்ணம் கெட்டதுதான். ஆனால் அந்த அற்புதம் விசாரணைக்கு அசையவில்லை. 'நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்' என்ற ஒரே பேச்சில் நின்றது. பெற்றோரின் வாக்குமூலமும் அதைத்தான் உறுதிசெய்தது. உங்கள் மேடையில் 'இருபது வருடக் கேளாமை நீங்கியது' என்று அறிவிக்கப்படுகிறவரின் வீட்டாரை யாராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

கத்தோலிக்கச் சகோதரர்களிடம் இந்த ஒரு காரியத்தை நாம் கற்றுக்கொள்ளலாம். சொன்னால் உங்களில் சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. பிரான்சில் மரியாள் திருத்தலம் உள்ள லூர்து நகருக்கு 1858 முதல் நோயாளிகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கே 1883இல் மருத்துவ ஆய்வகம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். நம்பிக்கை உள்ள மருத்துவரும் இல்லாத மருத்துவரும் அங்கே போய் ஆவணங்களைப் பார்க்கலாம். நோய் கடுமையானதா, முன்பே சரியாகக் கண்டறியப்பட்டதா, திடீரென்று நீங்கியதா, முழுமையாக நீங்கியதா, திரும்பி வராமல் இருக்கிறதா, கொடுத்த மருந்தால் நீங்கியிருக்கக்கூடுமா என்று துருவித் துருவிப் பார்க்கிறார்கள். சில சமயம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 7,000க்கும் மேற்பட்டோர் சுகமானதாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். திருச்சபை அற்புதம் என்று ஏற்றுக்கொண்டவை எழுபதை ஒட்டித்தான். மரியாள் பக்தி பற்றி எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. இந்தப் பொறுமையைப் பற்றி இல்லை. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அங்கே எழுபது. நம் ஊர் மைதானத்தில் மூன்று இரவுகளில் அதைவிட அதிகம் அறிவிக்கிறோம்.

இனி என் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஊழியரின் பெயரையோ மைதானத்தின் பெயரையோ எழுதப் போவதில்லை. சண்டைக்காக இதை எழுதவில்லை.

கொலுசு எப்படி வருகிறது என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுத்து, வளைத்து, கண்ணி கண்ணியாகக் கோத்து, இணைப்பில் பொடி வைத்து, ஊதுகுழல் தீயைக் காட்டிப் பற்றவைக்க வேண்டும். தீயின் நுனி எங்கே படுகிறது என்பதில் கண் இமைக்கக் கூடாது. அந்த வேலைக்குச் சிறு வயதிலேயே கை பழகிய பையன் ஒருவன் என்னிடம் இருந்தான். வலிப்பு நோய் உண்டு. அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தான். நெடுங்காலமாக வலிப்பு வரவில்லை என்பதால்தான் தீக்கு முன்னால் உட்காரவிட்டேன். ஒரு பெருவிழாவில் ஊழியர், 'இன்றோடு மாத்திரை தேவையில்லை, விசுவாசம் உள்ளவர்கள் எடுத்து எறியுங்கள்' என்றார். பலர் எறிந்தார்கள். மேடைக்கு முன்னால் மாத்திரை அட்டைகள் குவிந்ததைப் படம்கூட எடுத்தார்கள். இவனும் எறிந்தான். வீட்டிலும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாக, விடாமல் அடுத்தடுத்து வலிப்பு வரக்கூடும் என்பதை எந்த மருத்துவரும் சொல்வார். அவனுக்கு வந்தது பட்டறையில், தீ எரிந்துகொண்டிருந்தபோது. நாங்கள் ஓடிவந்து இழுப்பதற்குள் வலது உள்ளங்கை வெந்துவிட்டது. புண் ஆறியது. தோல் சுருங்கி, கடைசி மூன்று விரல்களும் உள்ளே மடங்கிக்கொண்டன. கண்ணி கோக்க அந்த விரல்கள் வேண்டும்.

அவனுடைய அப்பா ஊழியரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். 'தம்பிக்கு விசுவாசத்தில் குறை இருந்திருக்கும், மறுபடியும் கூட்டிவாருங்கள்' என்று பதில் வந்தது.

ஐயாமாரே, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல் முழுவதையும் எழுதுகிறேன். மாத்திரையை எறியச் சொன்னதைக்கூட அறியாமை என்று விட்டுவிடலாம். இந்தப் பதில் அறியாமை அன்று. சுகம் கிடைத்தால் பெருமை மேடைக்கு, கிடைக்காவிட்டால் பழி நோயாளிக்கு என்ற இந்தக் கணக்கில் ஊழியருக்கு எந்நாளும் நட்டம் வராது.

வலிப்புள்ள பையன் ஒருவனுடைய கதை சுவிசேஷத்திலேயே இருக்கிறது, மாற்கு 9இல். தீயிலும் தண்ணீரிலும் விழுகிற பையன். அவனுடைய தகப்பன் இயேசுவிடம், 'நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்' என்று இழுக்கிறான். பிறகு, 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று கண்ணீரோடு கத்துகிறான். பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். உங்கள் கூட்டத்தில் இப்படிச் சொல்லியிருந்தால் பின்வரிசைக்கு அனுப்பியிருப்பீர்கள். இயேசு அந்தப் பையனைக் குணமாக்கினார்.

பெதஸ்தா குளத்தருகே 38 வருடம் நோயோடு கிடந்தவனைப் பாருங்கள். இயேசு யார் என்றே அவனுக்குத் தெரியாது. சுகமான பின்பும் 'அவர் இன்னாரென்று அறியவில்லை' என்று யோவான் எழுதுகிறார். அவனிடம் எந்த விசுவாசத்தைக் கண்டு சுகம் கொடுத்தார்? லாசரு செத்து நான்கு நாள் ஆகிவிட்டது. அவன் என்ன விசுவாச அறிக்கை செய்திருக்க முடியும்? கெத்செமனேயில் காது வெட்டுண்டவன் இயேசுவைப் பிடிக்க வந்த கூட்டத்தில் ஒருவன். பகைவனாக வந்தவனின் காதைத் தொட்டுச் சொஸ்தப்படுத்திவிட்டுத்தான் அவர் கட்டுப்படக் கையைக் கொடுத்தார். 'உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது' என்று அவர் சிலரிடம் சொன்னதும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது, வந்து கேட்டவர்களைத் தேற்றிச் சொன்ன வார்த்தை. கிடைக்காமல் திரும்பியவனை அடிக்க அதை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை.

இரட்சிப்பைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சரியாகத்தான் பேசுகிறீர்கள். எபேசியர் இரண்டாம் அதிகாரம் நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம்: கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு. முதல் அரைமணி நேரம் இதைப் பிரசங்கிக்கிறீர்கள். பிறகு விளக்குகளை மங்கலாக்கி, இசையைக் கூட்டி, சுகமளிக்கும் நேரம் தொடங்கியதும் வேறு ஒரு தேவன் மேடைக்கு வந்துவிடுகிறார். அவர் விசுவாசத்தை எடை போடுகிறார், உபவாசத்தைக் கணக்கெடுக்கிறார், காணிக்கைத் தொகையைப் பார்க்கிறார். ஆத்துமாவுக்கு இலவசமாகக் கொடுக்கிறவர் சரீரத்துக்கு மட்டும் விலை கேட்பாரா? அற்புதமும் இரட்சிப்பும் ஒரே கையிலிருந்து வருகிறவை. இரண்டுக்கும் நம்மிடம் தகுதி கிடையாது. அற்புதத்துக்கு நிபந்தனை வைத்துப் பிரசங்கித்தால், அரைமணி நேரம் முன்பு நாம் பிரசங்கித்த கிருபையை நாமே மறுதலிக்கிறோம்.

காணிக்கையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, நான் வெள்ளிக்காரன். 2 இராஜாக்கள் 5இல் நாகமான் தன் குஷ்டம் நீங்கியதும் தீர்க்கதரிசி எலிசாவுக்குக் காணிக்கை கொடுக்க வருகிறான். எலிசா ஒன்றும் வாங்கவில்லை, வருந்திக் கேட்டும் வாங்கவில்லை. வேலைக்காரன் கேயாசி பின்னாலேயே ஓடி, பொய் சொல்லி, ஒரு தாலந்து வெள்ளி கேட்கிறான். நாகமான் இரண்டாக வாங்கிக்கொள் என்று இரண்டு பைகளில் கட்டி, இரண்டு வேலைக்காரர்மேல் வைத்து அனுப்புகிறான். ஒரு தாலந்து ஏறத்தாழ 34 கிலோ. அந்த எடையைத் தூக்கிப் பழகியவன் என்பதால் சொல்கிறேன், ஆளுக்கு ஒரு பை என்று எழுதியிருப்பது மிகச் சரியான கணக்கு. கேயாசியின் குற்றம் பணம் வாங்கியது மட்டும் என்று நான் நினைக்கவில்லை. சீரியா தேசத்துச் சேனாபதி ஒருவன், இஸ்ரவேலின் தேவன் இலவசமாகக் கொடுக்கிறவர் என்ற செய்தியோடு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். கேயாசி வழியில் மறித்து அந்தச் செய்தியைக் கெடுத்தான்.

நம் ஊரில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்களைப் பாருங்கள். நேர்ந்துகொள்கிறார்கள், காரியம் கைகூடிய பின்பு வந்து நேர்த்திக்கடனைச் செலுத்துகிறார்கள். அவர்களை நாம் இருளில் இருப்பவர்கள் என்று பேசுகிறோம். நம்மவர்களோ 'விசுவாச விதை' என்ற பெயரில் முன்பணம் கேட்கிறார்கள். மைதானத்தில் ஜெபிக்க வரிசையில் நிற்கிறவர்களின் கையில் உறை கொடுக்கப்படுகிறது. உறையின் மேல் பெயர், நோய், தொகை என்று மூன்று கோடுகள். நான் கையில் வாங்கிப் பார்த்தேன். நோய்க்கும் தொகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. 'இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்' என்ற வசனம் உறையின் பின்புறம் அச்சிட்டிருந்தது. யார் யோசனையோ!

கூட்டம் நடத்தச் செலவாகும், பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் வேண்டும், தெரியும். பந்தலுக்கென்று கேளுங்கள், தருவோம். சுகத்துக்கென்று கேட்காதீர்கள். சமாரியாவில் தேவனுடைய வரத்தை விலைக்கு வாங்கச் சீமோன் பணத்தை நீட்டியபோது பேதுரு சொன்ன பதிலை இங்கே எழுத எனக்கே பயமாக இருக்கிறது.

சுகமாகாதவர்களைப் பற்றி உங்கள் மேடையில் யாரும் பேசுவதில்லை. அப்போஸ்தலர்களின் நிருபங்களோ அவர்களால் நிறைந்திருக்கின்றன. துரோப்பீமுவை வியாதியோடே மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்கிறார். கைக்குட்டையைக் கொண்டுபோய்ப் போட்டாலே நோய் நீங்கும் அளவுக்கு வல்லமை பெற்றிருந்தவர் தம் உடன் ஊழியனுக்கு வீட்டு வைத்தியம் சொல்கிறார்! கூடவே பயணம் செய்த லூக்கா வைத்தியர். தம் சரீரத்து முள்ளுக்காக பவுல் மூன்றுதரம் வேண்டினார். முள் போகவில்லை. 'என் கிருபை உனக்குப்போதும்' என்ற பதில்தான் வந்தது. அந்தப் பதில் அவருக்கு வந்ததால்தான் நம் கையில் அந்த வசனம் இருக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு வரலாறு உண்டு. கொல்லிமலை அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரியும் அவர் மனைவி ஈவ்லினும் அந்த மலையில் குடியேறி, பல் பிடுங்குவதிலிருந்து புண் கட்டுவதுவரை கையால் செய்து, கிருபையின் செய்தியைச் சொன்னார்கள். 1929இல் ஜெஸ்ஸி மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலில் அதே மலையில் இறந்தார். ஜெபிக்க ஆள் இல்லாமலா இறந்தார்? விசுவாசம் குறைந்தா இறந்தார்? ஈவ்லின் திரும்பி ஓடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் முதிய வயதில் குதிரைமேல் ஏறி மலை மலையாகப் போய் ஊழியம் செய்து 1974இல் காலமானார். 1914இல் பிறந்து சிறுவயதில் கொல்லிமலையில் வளர்ந்த அவர்களுடைய மகன் பால் பிராண்ட் மருத்துவரானார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1948 முதல் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாணை எடுத்து மாற்றிப் பொருத்தி, மறுபடியும் நீளவும் பிடிக்கவும் செய்தார். எவரும் தொட அஞ்சிய கைகளை அவர் தொட்டார். அதை அற்புதம் என்று சொல்ல மாட்டோம், சரி. அந்தக் கை திறந்தபோது தேவன் அங்கே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஆமி கார்மைக்கேல் அம்மையாரும் நினைவுக்கு வருகிறார். 1931இல் விழுந்து அடிபட்டவர் 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். அவருக்காக ஜெபிக்காத நாள் அந்த வளாகத்தில் இருந்திருக்காது. அவர் உங்கள் கூட்டத்துக்கு வந்து படுக்கையோடு திரும்பியிருந்தால் அவருக்கு என்ன சொல்லி அனுப்பியிருப்பீர்கள்?

சிலுவைக்குப் போவோம். இரண்டு கள்வர். ஒருவன் அற்புதம் கேட்டான்: நீ கிறிஸ்துவானால் உன்னையும் எங்களையும் இரட்சித்துக்கொள். இறக்கிவிடு என்பதுதான் அவன் விண்ணப்பம். மற்றவன் இறக்கிவிடச் சொல்லவில்லை. நினைத்தருளும் என்றான், அவ்வளவுதான். அவனுக்குக் கிடைத்த வாக்குத்தத்தம் போல வேதத்தில் வேறு எவனுக்கும் கிடைத்ததில்லை: இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய். அதைக் கேட்ட பின்பு அவனுக்கு நடந்தது என்ன? ஆணி கழலவில்லை. வலி தீரவில்லை. போர்ச்சேவகர் வந்து அவனுடைய கால்களை முறித்தார்கள். ஞானஸ்நானம் இல்லை, தசமபாகம் இல்லை, திரும்பி வந்து சாட்சி சொல்ல நேரமும் இல்லை. முழு இரட்சிப்பு, சரீரத்தில் ஒரு சுகமும் இல்லை. கால் முறிக்கப்பட்டபோதும் அவன் இரட்சிக்கப்பட்டவன்தான். கிருபையை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குப் பிரசங்கித்ததில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. 'உமது நாமத்தினாலே அநேக அற்புதங்களைச் செய்தோம் அல்லவா' என்று அந்நாளில் அநேகர் சொல்வார்கள் என்றும், அவர்களை நான் ஒருக்காலும் அறியவில்லை என்பேன் என்றும் ஆண்டவர் சொன்னார். அவர்கள் செய்த அற்புதம் பொய் என்றுகூட அங்கே அவர் சொல்லவில்லை. எழுபது சீஷர்கள் பிசாசுகள் கீழ்ப்படிந்த சந்தோஷத்தோடு திரும்பிவந்தபோதும், அதற்காகச் சந்தோஷப்படாமல் உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றார்.

உங்களில் எல்லோரும் ஒரேமாதிரி என்று நான் சொல்ல வரவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் அரசு மருத்துவமனை வராந்தாவில், தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் நோயாளிகளின் உறவினரோடு உட்கார்ந்து ஜெபித்துவிட்டு, டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிற பாஸ்டர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் படம் எந்தச் சுவரிலும் ஒட்டப்பட்டதில்லை. இந்த மடல் அவர்களுக்கு இல்லை. ஆனால் மேடையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தும், ஒற்றுமை கெட்டுவிடும் என்று பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மூப்பர்களுக்கு இது நிச்சயமாக உண்டு. நோட்டீஸில் உங்கள் பெயரும் இருக்கிறது ஐயா.

பெருவிழாவை நிறுத்தச் சொல்லவில்லை. நடத்துங்கள். நோயாளிகளுக்காக ஜெபியுங்கள், எண்ணெய் பூசுங்கள், கைகளை வையுங்கள். யாக்கோபு சொன்னதைச் செய்ய யார் தடுப்பார்கள்? நான் கேட்பது இவ்வளவுதான். முதல் இரவே, ஜெபம் தொடங்குவதற்கு முன், மருத்துவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் ஊசியையும் நிறுத்தக் கூடாது என்று மேடையிலிருந்து உரத்துச் சொல்லுங்கள். வலிப்பு, சர்க்கரை, காசநோய், இரத்த அழுத்தம் என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள். சுவரொட்டியில் நோயைப் பெயர் சொல்லி எழுதத் தெரிகிறதல்லவா? அன்றிரவு சுகம் பெற்றதாகச் சொல்கிறவரை அன்றிரவே மைக்குக்கு முன் நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு அனுப்பி, அவருடைய மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, மாதங்கள் கழித்து, முன்பும் பின்பும் எடுத்த சோதனைத் தாள்களோடு, விருப்பம் இருந்தால் சபையில் வந்து சொல்லட்டும். அது மெய்யான அற்புதமானால் அதற்குள் ஆறிப்போகாது. போன ஆண்டு மேடையில் சுகமானதாக அறிவித்தவர்களில் இப்போது யார் எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சபைகளுக்குச் சொல்லுங்கள்.

காணிக்கை உறையிலிருந்து நோய்க்கான கோட்டை எடுத்துவிடுங்கள். வரிசையில் நிற்கிறவரிடம் உறையை நீட்டவே வேண்டாம்.

விசுவாசம் போதவில்லை என்ற வார்த்தையை எந்த நோயாளியிடமும், எந்த நோயாளியின் தாய் தகப்பனிடமும், தொலைபேசியில்கூடச் சொல்லக் கூடாது என்று உங்கள் குழுவில் தீர்மானம் போட்டு எழுதி வையுங்கள். முன்பு சொல்லியிருந்தால், சொன்ன வீட்டுக்குப் போங்கள். என் பட்டறையில் வேலை பார்த்த பையனின் வீட்டு முகவரி வேண்டுமானால் தனியாகத் தருகிறேன். கையைச் சரிசெய்ய அறுவை செய்யலாம் என்று வேலூரில் சொல்லியிருக்கிறார்கள். போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் ஆகும் செலவில் பாதியைப் பட்டறைக்காரர்கள் நாங்கள் சேர்த்துவிட்டோம். மீதிக்கு உங்கள் பெருவிழாக் கணக்கில் இடம் இருக்குமா என்று மூப்பர்கள் கூடிப் பேசிச் சொல்லுங்கள்.

இந்த மடலின் நகலைப் பந்தல் அலுவலகத்திலும் கொடுத்திருக்கிறேன். மாத்திரை அறிவிப்பைப் பற்றி யாரிடமும் கலந்துபேச வேண்டியதில்லை, அதை முதல் நாளே செய்துவிடலாம். மற்றவற்றைப் பேச அழைத்தால் வருகிறேன். இரவு எட்டு மணிக்குப் பட்டறை அடைத்துவிடுவோம், அதற்குமேல் எந்த நேரமானாலும் சரி.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரன் ஒருவன்,
சேலம்.